ஸ்மார்ட் போர்டா, மல்டிமீடியாவா, டெப்பா? மலையகப் பாடசாலைக்கு வந்த பணத்தை எதில் போடலாம்

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது. பழைய மாணவர் ஒருவர் கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ ஒரு தொகை அனுப்புகிறார். "பிள்ளைகளுக்கு டெக்னாலஜி ஏதாவது வாங்கிக் கொடுங்கள்" என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். அதிபருக்கு ஸ்மார்ட் போர்ட் மேல் ஆசை. ஐசீடி சேர் டெப் (டெப்லட் கணினி) வாங்கலாம் என்பார். ஆரம்பப் பிரிவு டீச்சர்மாரோ, மழை பெய்தால் எங்கள் குரலே பிள்ளைகளுக்குக் கேட்பதில்லை, முதலில் அதைப் பாருங்கள் என்பார்கள். அதைக் கூட்டக் குறிப்பில் யாரும் எழுதுவதில்லை.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரம் 5 வரையோ 11 வரையோ உள்ள சிறிய தோட்டப் பாடசாலையாக இருந்தால் நான் அந்த டீச்சர்மார் பக்கம். ஸ்மார்ட் போர்ட் பட்டியலில் கடைசி. ஆனால் அது கட்டாயம் தேவைப்படும் பாடசாலைகளும் இருக்கின்றன. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து அளப்பது

கடைக்காரர் அங்குலத்தையும் ரெம்மையும் சொல்வார். பாடசாலைக்கு அது போதாது.

வகுப்பில் யார் வெளியே நிற்கிறார்கள்? முப்பது பேர் உள்ள வகுப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்குகிற ஒருத்தி இருப்பாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத ஒருவன் இருப்பான். தரம் 6க்கு வந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்கள் மூன்று நான்கு பேர். அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள லயத்து வீட்டிலேயே நின்றுவிடுகிற பிள்ளை ஒன்று. இவர்களில் பலரிடம் வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டு எதுவும் இருக்காது. விசேட கல்வி அலகு உள்ள பாடசாலையும் பல தோட்டங்களுக்குப் பக்கத்தில் இல்லை. இயலாமையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சரி, சேர்த்தாயிற்று. சேர்ந்த பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேர்கிறதா? எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துப் படிப்பிப்பதை உட்படுத்தல் கல்வி என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்வார்கள், அதில் பாதி இந்தக் கேள்விதான்.

கரண்டும் சிக்னலும் போனால் என்ன மிஞ்சும்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அது ஓர் அசாதாரணக் காலம், உண்மைதான். ஆனால் மலையில் மரம் விழுந்து லைன் அறுவதற்கு நாட்டில் நெருக்கடி வரத் தேவையில்லை.

மூன்றாம் வருடம் யார் பணம் கட்டுவார்? நன்கொடை ஒரு தடவை வரும். திருத்தச் செலவு திரும்பத் திரும்ப வரும். மஸ்கெலியாவிலோ லுணுகலையிலோ உள்ள பாடசாலையில் ஒரு போர்ட் பழுதானால், அதைக் கழற்றி, வேன் பிடித்துக் கண்டிக்கோ கொழும்புக்கோ கொண்டுபோகிற செலவு எந்த விலைப்பட்டியலிலும் இருக்காது.

40 நிமிடப் பாடவேளையில் எவ்வளவு தின்னும்? வயரைத் தேடி, பொருத்தி, பாஸ்வேர்ட் கேட்டு, அப்டேட் முடியும்வரை காத்திருந்தால் கால் பாடவேளை போய்விடும்.

சாவி யாரிடம்? இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பொருள் இன்வென்டரியில் ஏறிவிட்டால் அதற்கு அதிபர்தான் பதில் சொல்ல வேண்டும். தொலைந்தாலும் உடைந்தாலும் விசாரணை அவர் மேல். அதனால் விலை கூடக் கூட அலுமாரியின் பூட்டும் இறுகும். விலை குறைந்த பொருள் வெளியே வரும், பிள்ளை கையில் புழங்கும்.

தமிழில், நம் பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது? கல்வி அமைச்சின் இணையத்தளமான ஈ-தக்சலாவவில் தமிழ் மொழிமூலப் பாடங்கள் உண்டு. பாடநூல்களையும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். யூடியூபில் கொட்டிக் கிடப்பதில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். அங்கே ஆக்ஸிஜன், நம் புத்தகத்தில் ஒட்சிசன். அங்கே கார்பன் டை ஆக்ஸைடு, இங்கே காபனீரொட்சைட்டு. நன்றாகப் படிக்கிற பிள்ளை இரண்டும் ஒன்று என்று பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே தடுமாறுகிற பிள்ளைக்கு இது இன்னொரு சுமை. எதைக் காட்டுவது என்று முன்கூட்டியே பார்த்துப் பொறுக்கி எடுக்கும் நேரம் டீச்சருடையது, அதையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

## ஸ்மார்ட் போர்ட்

பெரிய திரை, தொட்டால் வேலை செய்யும், வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும். ஒரு படத்தை இழுத்துப் பெரிதாக்கலாம். இன்று எழுதியதைச் சேமித்து நாளை வராத பிள்ளைக்குக் காட்டலாம். கண் ஓரளவு மங்கிய பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைத்தால் கரும்பலகையைவிட இதில் நன்றாகத் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு நிறைய. விலை பல இலட்சம். அதற்கு மேல் யூபிஎஸ், மின்னல் பாதுகாப்பு, பழைய கட்டடத்தில் வயரிங், ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல் வரும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பிளக்கைக் கழற்ற ஒருவர் மறந்தால் போதும், போர்ட் போய்விடும்.

பிறகு உயரம். பெரியவர்கள் பூட்டும்போது தங்கள் கண் மட்டத்துக்குப் பூட்டுவார்கள். தரம் 2 பிள்ளைக்கு மேல் பாதி எட்டாது. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு எதுவும் எட்டாது. "வந்து தொட்டுப் பார்" என்று எல்லோரையும் கூப்பிடுகிற கருவி அந்தப் பிள்ளைக்கு மட்டும் வேடிக்கைப் பொருளாகிவிடும்.

இன்னொன்று கட்டட அமைப்பு. பழைய தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் ஒரே நீண்ட மண்டபம், நடுவில் சுவர் இல்லை அல்லது அரைத் தட்டி. ஒரு வகுப்பில் வீடியோ ஓடினால் பக்கத்து இரண்டு வகுப்புகளும் அதைத்தான் பார்க்கும்.

எங்கே இதுதான் சரி? உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலையில். மலையகத்தில் தமிழ் மொழிமூலம் பௌதிகவியல், இணைந்த கணிதம் படிப்பிக்க ஆசிரியர் கிடைப்பது கஷ்டம். ஹட்டனில் இருக்கும் ஒரு நல்ல ஆசிரியரின் பாடத்தை இணைய வழியில் இன்னும் இரண்டு பாடசாலைகளுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கமரா பூட்டிய ஸ்மார்ட் போர்ட்தான் வசதி. தனி அறை, நிலையான இணைப்பு, பொறுப்பெடுக்க ஒரு ஐசீடி ஆசிரியர், இந்த மூன்றும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஒன்று குறைந்தாலும் கொஞ்சம் பொறுங்கள்.

## மல்டிமீடியாவும் லெப்டொப்பும்

புரொஜெக்டரைத்தான் நம் பாடசாலைகளில் மல்டிமீடியா என்கிறோம். ஸ்மார்ட் போர்டைவிட விலை குறைவு. தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போகலாம், பெற்றோர் கூட்டத்துக்கும் உதவும். விஞ்ஞான பாடத்தில் இதயம் துடிப்பதை அசையும் படமாக ஒரு தடவை காட்டினால் அரை மணி நேர விளக்கம் மிச்சம்.

ஆனால் உட்படுத்தல் என்ற கோணத்தில் பார்த்தால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. படம் தெரிய வேண்டுமானால் அறையை இருட்டாக்க வேண்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளை பாடத்தைப் பிடிப்பது டீச்சரின் வாயசைவையும் முகத்தையும் பார்த்துத்தான். இருட்டில் முகம் தெரியாது, அதோடு டீச்சர் திரையைப் பார்த்துத் திரும்பி நின்று பேசுவார். நாற்பது நிமிடமும் அந்தப் பிள்ளை ஊமைப்படம் பார்க்கிறது. தீர்வு சின்னதுதான்: முன்பக்க ஜன்னல் ஒன்றைத் திறந்து வையுங்கள், வெளிச்சம் டீச்சர் முகத்தில் விழட்டும். படத்தைக் காட்டும்போது பேசாதீர்கள், நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பேசுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை, பழக்கம்தான் வேண்டும்.

செலவுப் பக்கத்தில் பல்ப். பழைய வகை லாம்ப் பொதுவாக மூவாயிரம் முதல் ஐயாயிரம் மணித்தியாலம் ஓடும், மாற்றுவதற்கு நல்ல விலை கேட்பார்கள். எல்ஈடி வகை பல மடங்கு நாள் வரும், ஆனால் மலிவான எல்ஈடி புரொஜெக்டர்களில் வெளிச்சம் குறைவு. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை ஓயாத ஈரம். லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைத்து, மாதம் ஒரு தடவையாவது ஓட விடுங்கள்.

தரம் 6க்கு மேல் உள்ள, அறைகள் பிரிந்த, ஒரே கருவியைப் பல ஆசிரியர்கள் மாறி மாறிப் பாவிக்கப் போகிற பாடசாலைக்கு இது நியாயமான தெரிவு.

## டெப்

இதைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் சரியாகப் பாவித்தால் அதிகம் தருவதும், தவறாகப் பாவித்தால் அலுமாரியிலேயே செத்துப்போவதும் இதுதான்.

"பிள்ளைக்கு ஒன்று" என்ற கணக்கை மறந்துவிடுங்கள். சிறிய பாடசாலைக்கு ஐந்தாறு போதும். அதில் இரண்டை, வெளியே நிற்கும் அந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்குங்கள். சாதாரண அண்ட்ராய்ட் டெப்பிலேயே எழுத்தைப் பெரிதாக்கும் வசதி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துக் காட்டும் டோக்பெக் எல்லாம் இருக்கின்றன. கூகுள் லென்ஸ் அச்சடித்த தமிழ்ப் பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாக்கித் தரும். லைவ் ட்ரான்ஸ்கிரைப் பேச்சைத் தமிழ் எழுத்தாகத் திரையில் ஓட விடும். சத்தம் மிகுந்த மண்டபத்தில் அது நிறையப் பிழை விடும், அதையே நம்பிப் பாடம் நடத்த முடியாது. ஆனாலும் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது கைகொடுக்கும். லெப்டொப் இருந்தால் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும்.

எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைகளுக்கும் இது பெரிய உதவி. பாடப் பந்தியை டீச்சர் தன் குரலிலேயே பதிந்து கொடுத்தால், பிள்ளை ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டே விரலால் வரியைப் பின்தொடரலாம். இயந்திரக் குரல் தமிழ்நாட்டு உச்சரிப்பில் வேகமாக ஓடும். டீச்சரின் குரல் பிள்ளைக்குத் தெரிந்த குரல்.

இனி ஒரு எச்சரிக்கை. நம் ஆசிரியர்களிடம் இருக்கும் தமிழ் வினாத்தாள்கள், குறிப்புகள் பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் அதைத் தமிழாக வாசிக்காது, ஏதோ உளறும். சோதிப்பது சுலபம்: கோப்பிலிருந்து ஒரு வரியைக் கொப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்தால் அது பாமினி. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. பத்து இலட்சத்துக்குக் கருவி வாங்கிய பாடசாலையும் இந்த மாற்றத்தைச் செய்யாவிட்டால் பார்வையற்ற பிள்ளைக்குக் கிடைப்பது பூச்சியம். ஸ்கேன் செய்த பழைய கடந்தகால வினாத்தாள்களுக்கும் இதே கதைதான், அவை எழுத்தே இல்லை, வெறும் படம்.

கூட்டு வகுப்பு நடத்தும் தரம் 5 வரையான பாடசாலைகளில் டெப்பின் பெறுமதி இன்னும் கூடும். டீச்சர் தரம் 3க்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தரம் 4 ஒரு கதையைக் கேட்டுப் படம் வரையலாம். இணையம் இல்லாவிட்டாலும் பாடங்களை மெமரி கார்டில் போட்டுவிடலாம். கொலிப்ரி போன்ற மென்பொருளைப் பழைய லெப்டொப் ஒன்றில் ஏற்றினால், டேட்டா இல்லாமலே வைஃபை வழியாக எல்லா டெப்புக்கும் பாடம் போகும்.

ஆனால் ஒரு டெப்பை மூன்று பிள்ளைகளிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எல்லா டீச்சருக்கும் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளை திரையைப் பிடித்துக்கொள்ளும், மற்ற இரண்டும் எட்டிப் பார்க்கும். ஒருவர் தொட, ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத என்று வேலையைப் பிரித்து, மணி அடித்ததும் மாற்றுங்கள். வாசிக்க முடியாத பிள்ளைக்குத் தொடும் வேலையை முதலில் கொடுங்கள்.

செலவு: உறை, திரைக் கண்ணாடி, ஹெட்செட், பல துளை உள்ள நல்ல சார்ஜர். டிசம்பர் லீவுக்கு முன் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள், முழுதாக ஏற்றியோ முழுதாக இறங்க விட்டோ மாதக்கணக்கில் வைத்தால் பெட்டரி கெட்டுவிடும். பொறுப்பை ஒரே ஆளிடம் விடாதீர்கள். அந்த சேருக்கு இடமாற்றம் வந்த அன்றைக்கே டெப்பின் பாஸ்வேர்டும் போய்விடும்.

## பெற்றோரின் போன்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது எல்லோரும் இதைத்தான் பிடித்தோம். பணம் இல்லாத பாடசாலைக்கு இது இலவசம் போலத் தெரியும். உண்மையில் செலவு பெற்றோர் தலையில் போய் விழுகிறது, ரீலோட் வடிவத்தில். அப்பா கொழும்பில் வேலை, போன் அவரோடு. வீட்டில் ஒரு போன், பிள்ளைகள் மூன்று. சிக்னல் வேண்டுமானால் லயத்தை விட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மண்சரிவு வந்தபோது பல இடங்களில் அதுவும் இல்லாமல் போனது.

ஆகவே புதிய பாடத்தை இதில் நடத்தாதீர்கள். ஒரு விஷயத்துக்கு மட்டும் இது எல்லாவற்றையும்விட நல்லது: குரல் செய்தி. வாசிக்கத் தெரியாத அம்மாவும் கேட்கலாம், குறைந்த டேட்டாவில் போய்ச் சேரும், இரவில் கேட்டாலும் பரவாயில்லை. பாடசாலைக்கு வராத பிள்ளைக்கு டீச்சர் அனுப்பும் இரண்டு நிமிடக் குரல், நீளமான பீடீஎஃப்பைவிடப் பயன்.

## சின்னச் சாமான்கள்

இதை ஒரு தெரிவாகவே யாரும் நினைப்பதில்லை, அதனால்தான் தனித் தலைப்புக் கொடுக்கிறேன்.

இடுப்பில் மாட்டும் மைக் ஸ்பீக்கர். சில ஆயிரம் ரூபாதான். தகரக் கூரையில் தென்மேல் பருவமழை விழும்போது கடைசி வரிசைக்கு டீச்சரின் குரல் கேட்காது. காது கொஞ்சம் மந்தமான பிள்ளைக்கு இரண்டாம் வரிசையிலேயே கேட்காது. மைக் போட்டால் எல்லோருக்கும் கேட்கும், டீச்சரின் தொண்டையும் தப்பும். தடுப்பில்லாத மண்டபத்தில் பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சல்தான். பேசிவைத்து மாறி மாறிப் பாவிக்க வேண்டும்.

ஏ3 போட்டோகொப்பி. ஏ4 பக்கத்தை ஏ3க்குப் பெரிதாக்கினால் எழுத்து 141 வீதமாகும். பார்வை குறைந்த பல பிள்ளைகளுக்கு அந்த அளவே போதும். அதோடு சாய்வான புத்தகத் தாங்கி, தடித்த கறுப்புப் பேனா, கோடு தடிப்பாக அடித்த கொப்பி.

இவற்றோடு மெமரி கார்ட் போடும் ஸ்பீக்கர் ஒன்று. இத்தனையும் சேர்த்தாலும் ஒரு டெப் விலையைச் சுற்றித்தான் வரும். கண்ணாடி தேவைப்படும் பிள்ளைக்கு முதல் தேவை கண்ணாடி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பார்வைக் குறைவு என்று எழுதிய பிள்ளை கிளினிக்குக்குப் போனதா என்று பார்த்துவிட்டு டெக்னாலஜி பேசுவோம்.

## ஒரே பார்வையில்

| தெரிவு | கரண்ட் போனால் | கண் தெளிவில்லாத பிள்ளைக்கு | காது கேட்காத பிள்ளைக்கு | பிந்திய செலவு | பொருத்தம் |
|---|---|---|---|---|---|
| ஸ்மார்ட் போர்ட் | நின்றுவிடும் | முன்வரிசையில் நல்லது | படம் உதவும் | மிக அதிகம் | 1ஏபி, இணைய வழிப் பாடம் |
| மல்டிமீடியா | நின்றுவிடும் | சுமார் | இருட்டில் பாதகம் | பல்ப், ஈரம் | தரம் 6க்கு மேல், தனி அறைகள் |
| டெப் 5–6 | சில மணி நேரம் ஓடும் | மிக நல்லது | நல்லது | பெட்டரி, உறை | கூட்டு வகுப்பு, வாசிப்பில் பின்தங்கியோர் |
| பெற்றோர் போன் | சிக்னலைப் பொறுத்தது | குரல் செய்தி நல்லது | எழுத்துச் செய்தி மட்டும் | பெற்றோருக்கு | வராத பிள்ளை |
| சின்னச் சாமான்கள் | பெரும்பாலும் ஓடும் | நல்லது | மைக் நல்லது | மிகக் குறைவு | எல்லாப் பாடசாலையும் |

## அப்படியானால் எதை வாங்குவது

தொகை சிறியதென்றால் சின்னச் சாமான்களோடு இரண்டு டெப். நடுத்தரமென்றால் அவற்றோடு இன்னும் நான்கு டெப், ஒரு லெப்டொப். மல்டிமீடியா அதற்குப் பிறகுதான். எந்தத் தொகையானாலும் ஒரு பங்கை வங்கியில் விட்டு வையுங்கள், திருத்தத்துக்கு. நன்கொடையாளரிடம் இதைச் சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம். திறப்பு விழாப் படத்தில் வங்கிப் புத்தகம் அழகாக இருக்காதுதான்.

எதை வாங்கினாலும் பரீட்சையை மறக்கக் கூடாது. வகுப்பில் டெப் வாசிக்கக் கேட்டே பழகிய பிள்ளை அதை எடுத்துக்கொண்டு சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் போக முடியாது. விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற ஏற்பாடுகளைப் பரீட்சைத் திணைக்களம் செய்து தரும். ஆனால் வைத்திய அறிக்கையோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தரம் 10லேயே வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் போய்ப் பேசுங்கள். தரம் 11 மூன்றாம் தவணையில் ஓடுவதில் பயனில்லை.

சரி, பணம் கொடுப்பவர் ஸ்மார்ட் போர்ட்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று வையுங்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பச் சொல்ல மாட்டேன். சுவரில் பூட்டாமல், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சக்கரத் தாங்கியோடு கேளுங்கள். மூன்று வருட உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள், திருத்துபவர் பாடசாலைக்கே வருவாரா என்பதும் அதில் இருக்கட்டும். யூபிஎஸ் விலைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். கடைசியாக, அந்த விலையோடு ஒப்பிட்டால் கணக்கிலேயே வராத இரண்டு சாமான்களைப் பட்டியலின் அடியில் எழுதிவிடுங்கள்: டெப் ஒன்று, மைக் ஒன்று.